எந்த மருத்துவக் கல்லூரியை மேலே போடுவது? எம்.பி.பி.எஸ். கலந்தாய்வில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீட் முடிவு வந்து, தமிழ்நாட்டுத் தரவரிசைப் பட்டியலும் வெளியானதும் வீட்டுக்கு வீடு கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கட்டணத் தொகை, தேதி, சுற்று விதி ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

மொத்தம் எத்தனை கவுன்சலிங்? எதுக்கு எங்க அப்ளை பண்ணணும்?

இரண்டு. முதலாவது, மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்துவது. எல்லோரும் எம்.சி.சி. என்பார்கள். நாடு முழுவதும் உள்ள மாநில அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்கள், எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் (டீம்டு) எல்லாம் இதில் வரும். இரண்டாவது, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் தமிழ்நாடு தேர்வுக் குழு நடத்துவது. மாநில அரசுக் கல்லூரிகளின் மீதி 85 சதவீதம், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு ஆகியவை இதில் வரும்.

இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நீட்டுக்கு விண்ணப்பித்ததே போதும் என்று இருந்துவிட்டு, மாநிலப் பதிவின் கடைசி நாளைத் தவறவிடும் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. நல்ல மதிப்பெண் இருந்தும் பட்டியலில் பெயரே இல்லாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

எங்ககிட்ட பி.சி. சர்டிபிகேட் இருக்கு. ஆல் இந்தியா கோட்டாவுக்கும் அதே போதுமா?

போதாது. மாநிலக் கலந்தாய்வில் இருப்பது 69 சதவீத இடஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. இங்கே வருமான வரம்பு கிடையாது. எம்.சி.சி.யில் பி.சி., எம்.பி.சி. என்ற பிரிவுகளே இல்லை. 27 சதவீத ஓ.பி.சி. மட்டும்தான். அதற்கு உங்கள் சாதி மத்திய அரசுப் பட்டியலிலும் இருக்க வேண்டும். கிரீமி லேயரில் (வசதி படைத்த மேல்தட்டில்) வரவில்லை என்ற சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில் வேண்டும். அதன் தேதியும் அந்த ஆண்டு கேட்கப்படும் காலத்துக்குள் இருக்க வேண்டும்.

இந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து கைக்கு வர நாளாகும். நீட் எழுதிவிட்டு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

ரேங்க் கொஞ்சம் கம்மி. முதல் சாய்ஸா எம்.எம்.சி. போட்டா வாய்ப்பு வீணாப் போயிடுமா?

வீணாகாது. எம்.எம்.சி. (சென்னை மருத்துவக் கல்லூரி) போன்ற பெரிய கல்லூரியை மேலே போடப் பயப்படும் இந்தப் பயத்தால்தான் அதிகம் பேர் இழக்கிறார்கள். கம்ப்யூட்டர் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். உதாரணத்துக்கு ஒரு பி.சி. மாணவி மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் என்று வரிசை போட்டிருக்கிறாள். மதுரையில் பொதுப் பிரிவு இடம் இருக்கிறதா? இல்லை. பி.சி. இடம்? அதுவும் இல்லை. உடனே திருநெல்வேலிக்கு இறங்கும். அங்கே இடம் இருந்தால் அதோடு நின்றுவிடும். மதுரையை முதலில் போட்டதற்காக, திருநெல்வேலி இடம் அவளுக்குப் பின்னால் நிற்பவருக்குப் போய்விடாது.

ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கைப் பட்டியலின் நீளத்தை முடிவு செய்ய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை உங்கள் உண்மையான விருப்பப்படி இருக்கட்டும். தூத்துக்குடி ‘சேஃப்’ என்று அதை முதலில் போட்டால் தூத்துக்குடிதான் வரும், திருநெல்வேலியில் இடம் இருந்தாலும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கட்டணம் கட்டவே முடியாத தனியார் கல்லூரியை ‘சும்மா கடைசியில் இருக்கட்டும்’ என்று போடுவது. அது ஒதுக்கப்பட்டு, சேராமல் விட்டால், சுற்றைப் பொறுத்து, பதிவின்போது கட்டிய வைப்புத்தொகையும் போகும், அடுத்த சுற்றுக்கான தகுதியும் போகலாம். சேர மாட்டோம் என்று தெரிந்த கல்லூரி பட்டியலில் எந்த இடத்திலும் இருக்கக்கூடாது. எல்லாம் முடிந்ததும் லாக் செய்து, பிரிண்ட் எடுத்து, எண் வரிசையை ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள்.

போன வருஷம் 560-க்கு கிடைச்சுதாமே. எங்களுக்கு 555. கிடைக்குமா?

மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள். 2024-இல் முழு 720 எடுத்தவர்களே பலர். 2025-இல் இயற்பியல் கடுமையாக வந்தது, நாட்டின் முதலிடமே 686 தான். ஓராண்டின் 560-ம் அடுத்த ஆண்டின் 560-ம் ஒன்றல்ல.

பார்க்க வேண்டியது தமிழ்நாட்டுத் தரவரிசை எண்ணும் உங்கள் பிரிவுக்குள் உங்கள் எண்ணும். சென்ற ஆண்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்து, அந்தக் கல்லூரியில் உங்கள் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவர் எத்தனையாவது எண் என்று குறியுங்கள். சுற்றுவாரியாகக் குறிக்க வேண்டும். முதல் சுற்றில் மூடிய இடத்துக்கும் மூன்றாம் சுற்றில் மூடிய இடத்துக்கும் நல்ல இடைவெளி இருக்கும், ஏனென்றால் மேலே இருப்பவர்கள் எய்ம்ஸுக்கும் ஜிப்மருக்கும் போகப் போக கீழே காலியாகும்.

புது காலேஜா, பழைய காலேஜா? புதுசுல ஒண்ணுமே இருக்காதுன்றாங்களே?

தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசுக் கல்லூரிகள் திறக்கப்பட்டன: விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. மொத்தம் 1,450 இடங்கள். இவற்றைக் குறித்துத்தான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது.

பழைய பெரிய கல்லூரியில் எல்லாத் துறையும் இருக்கும். சிறுநீரகம், நரம்பியல், இதய அறுவை என்று உயர்சிறப்புப் பிரிவுகளும் இருக்கும். அரிய நோயாளிகள் மூன்று மாவட்டம் தாண்டி அங்கேதான் வருவார்கள். ஆனால் ஒவ்வொரு யூனிட்டிலும் முதுநிலை மாணவர்கள் நிரம்பியிருப்பார்கள். நெஞ்சில் குழாய் போடுவது, முதுகுத்தண்டு நீர் எடுப்பது போன்றவை அவர்கள் கைக்குப் போன பிறகுதான் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி ஆண்டில் இருக்கும் எம்.பி.பி.எஸ். மாணவர்) கைக்கு வரும். பல நாள் வேலை ரத்த மாதிரியைக் குழாயில் எடுத்து லேபுக்கு ஓடுவதாகவே முடியும். முதுநிலைப் படிப்பு இல்லாத புதுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியருக்கு அடுத்து நிற்பவர் ஹவுஸ் சர்ஜன்தான். பிரசவம் பார்ப்பது, தையல் போடுவது எல்லாம் சீக்கிரம் கைக்கு வரும். அதே சமயம் சிக்கலான கேஸை வேன் ஏற்றி மேல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நோயாளிக்கு அடுத்து என்ன ஆனது என்பதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

எங்கள் கருத்து இது: வாய்ப்பிருந்தால் பழைய கல்லூரி. ஆனால் ‘புதுசு’ என்பதற்காக மட்டும் ஓர் அரசுக் கல்லூரியை, கடன் வாங்கிச் சேரும் தனியார் கல்லூரிக்குக் கீழே போடாதீர்கள். புது அரசுக் கல்லூரிகளில் பல, ஏற்கெனவே கூட்டம் நிரம்பி வழிந்த மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலிருந்து வளர்ந்தவை. கட்டடத்துக்குத்தான் வயது குறைவு.

நேர்ல போய்ப் பார்த்தா எதைப் பார்க்கணும்? கட்டடம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

கட்டடத்தை விடுங்கள். முதல் ஆண்டு முடிந்ததும் உங்கள் பிள்ளை படிக்கப்போவது வார்டில். ஒரு திங்கட்கிழமை காலை 9 மணிக்குப் புறநோயாளிச் சீட்டு தரும் இடத்தில் நில்லுங்கள். சீட்டில் வரிசை எண் இருக்கும். 11 மணிக்கு மறுபடி வந்து எண்ணைப் பாருங்கள். பிறகு பொது மருத்துவ வார்டு, பிரசவ வார்டு, இரவில் அவசர சிகிச்சைப் பிரிவு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் 100 மாணவர் சேர்க்கைக்கு 420 படுக்கை, 150-க்கு 605, 250-க்கு 900 என்று கேட்கின்றன. படுக்கைகளில் 80 சதவீதம் நிரம்பியிருக்கவும் வேண்டும். எண்ணிக்கை காகிதத்தில் சரியாகவே இருக்கும், நிரம்பியிருக்கிறதா என்பதுதான் சங்கதி. விரித்த பெட்ஷீட் மடிப்புக் கலையாமல் வரிசையாகக் கிடக்கும் வார்டும், நோயாளியின் டிபன் கேரியரும் பிளாஸ்டிக் கூடையும் கட்டிலுக்கடியில் நெருக்கியடித்துக் கிடக்கும் வார்டும் பார்த்த மாத்திரத்தில் வேறுபடும்.

அடுத்து, இறுதியாண்டு மாணவர் ஒருவரையும் ஹவுஸ் சர்ஜன் ஒருவரையும் கேன்டீனில் பிடித்து நான்கு கேள்வி கேளுங்கள். உடற்கூறியலில் ஒரு மேசையைச் சுற்றி எத்தனை பேர் நின்றீர்கள்? காலை வார்டு வகுப்பு தினமும் நடக்கிறதா, யார் எடுக்கிறார்கள்? மகப்பேறு போஸ்டிங்கில் எத்தனை பிரசவம் நீங்களே பார்த்தீர்கள்? பயிற்சிக்கால உதவித்தொகை மாதாமாதம் முழுதாக வருகிறதா? கடைசிக் கேள்வியைத் தனியார் கல்லூரியில் கட்டாயம் கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் சுற்றுமுற்றும் பார்த்தாரென்றால் அதுவும் பதில்தான்.

சென்னைன்னா எல்லாமே ஒண்ணுதானே? எம்.எம்.சி., ஸ்டான்லி, கே.எம்.சி.ல என்ன வித்தியாசம்?

மூன்றும் நல்ல கல்லூரிகள். அமைப்பு வேறு வேறு. 1835-இல் தொடங்கிய எம்.எம்.சி.க்கு சென்ட்ரல் எதிரே பெரியாஸ்பத்திரி. ஆனால் குழந்தைகள் நல மருத்துவமனை, மகப்பேறு நிலையம், கண் மருத்துவமனை மூன்றும் எழும்பூரில். போஸ்டிங்குக்குப் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்டான்லி வடசென்னையின் ஆஸ்பத்திரி. கை அறுவை சிகிச்சைக்கும் இரைப்பை குடல் அறுவைக்கும் பெயர் பெற்றது. பிரசவங்கள் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில். கே.எம்.சி. எனும் கீழ்ப்பாக்கம் கல்லூரியில் தீக்காயப் பிரிவு பெயர் பெற்றது. ராயப்பேட்டை மருத்துவமனையும் அதோடு சேர்ந்ததுதான்.

மருத்துவமனை வேறிடத்தில் இருப்பது சென்னைக்கு மட்டுமான விஷயமல்ல. கோவையில் கல்லூரி அவினாசி சாலையில், மருத்துவமனை திருச்சி சாலையில். தஞ்சாவூரில் பிரசவமும் குழந்தைகள் பிரிவும் ஊருக்குள் ராசா மிராசுதார் மருத்துவமனையில். விடுதி எந்தப் பக்கம், பஸ் யார் விடுகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். மற்றபடி சென்னைக்காரர்கள் சென்னையை விட்டு நகர மறுப்பது பழக்கம்தான். மதுரை, திருநெல்வேலி, கோவை மருத்துவமனைகளின் நோயாளிக் கூட்டம் எதற்கும் குறைந்ததல்ல.

என்.ஐ.ஆர்.எஃப். ரேங்க் பார்த்து வரிசை போடலாமா?

முதல் சில இடங்களில் எய்ம்ஸ் டெல்லி, வேலூர் சி.எம்.சி., ஜிப்மர் போன்றவை வருவதைச் சொல்ல மத்திய அரசின் அந்தத் தரவரிசைப் பட்டியல் தேவையில்லை. அதற்குக் கீழே இறங்கினால் கவனம் வேண்டும். அந்தக் கணக்கில் 30 சதவீதம் ஆராய்ச்சிக்கு, 10 சதவீதம் மற்றவர்கள் அந்தக் கல்லூரியைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்துக்கு. எம்.பி.பி.எஸ். மாணவர் எத்தனை பிரசவம் பார்த்தார் என்று அதில் கேள்வியே இல்லை. கூட்டம் நிரம்பிய எத்தனையோ அரசுக் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் தலைகாட்டுவதில்லை, கட்டுரை வெளியிடும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மேலே வரும்.

பையன் கவர்ன்மென்ட் ஸ்கூல். 7.5 கோட்டால தனியார் காலேஜ் போடலாமா?

தாராளமாக. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் வந்த இந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அடங்கும். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆகவே மற்றவர்களைப் போல ‘அரசா தனியாரா’ என்று கட்டணத்தை வைத்துப் பிரிக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன வார்டுச் சோதனையை மட்டும் வையுங்கள். நோயாளிகள் நிரம்பிய பழைய தனியார் மருத்துவமனை, பாதி காலியான இன்னொன்றைவிட மேலே வரட்டும். கல்லூரியில் யாராவது தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், தேர்வுக் குழுவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் பள்ளித் தலைமையாசிரியரின் சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டும். கலந்தாய்வு நேரத்தில் பழைய பள்ளிக்கு ஓடுவதைத் தவிர்க்க முன்பே வாங்கி வைப்பது நல்லது.

தனியார்ல அரசு கோட்டா, மேனேஜ்மென்ட் கோட்டா, டீம்டு. மொத்தமா எவ்வளவு ஆகும்?

அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில்தான். தனியார் கல்லூரிகளில் சிறுபான்மை அல்லாதவை 65 சதவீத இடங்களையும் சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் அரசுக்குத் தருகின்றன. அண்மை ஆண்டுகளில் அந்த அரசு ஒதுக்கீட்டுக்குக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் நாலரை லட்சம். நிர்வாக ஒதுக்கீடு 13 லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் 20 லட்சத்தைத் தாண்டும். விடுதி, சாப்பாடு, பல்கலைக்கழகக் கட்டணம், திரும்பத் தரும் வைப்புத்தொகை இவையெல்லாம் தனி. கட்டணம் நாலரை ஆண்டுக்கா ஐந்துக்கா, ஆண்டுதோறும் ஏறுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடன் என்றால் வட்டியையும் சேர்த்துப் போடுங்கள். ஆண்டுக்கு நாலரை லட்சம் வீதம் நாலரை ஆண்டுக்கு அசல் 20 லட்சத்து 25 ஆயிரம். 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்தால், பயிற்சி ஆண்டும் முடியும் ஐந்தரை ஆண்டில் வட்டி மட்டும் ஏறக்குறைய ஏழரை லட்சம் சேர்ந்திருக்கும். படிக்கும்போது தவணை கிடையாது என்பதற்கு வட்டி கிடையாது என்று பொருளல்ல. ஆண்டுக்கு 25 லட்சம் என்றால் அசலே ஒரு கோடியே பன்னிரண்டரை லட்சம். எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்த மருத்துவரின் சம்பளத்தில் இதை அடைக்க முடியாது. வீட்டை விற்றுக் கட்டுவதற்கு முன் அடுத்து மூன்று ஆண்டு எம்.டி., எம்.எஸ். இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒருத்தர் 15 லட்சம் முன்பணம் குடுத்தா மேனேஜ்மென்ட் சீட் கன்ஃபார்ம்னு சொல்றார்.

நிர்வாக ஒதுக்கீடு, என்.ஆர்.ஐ. ஒதுக்கீடு உட்பட எல்லா எம்.பி.பி.எஸ். இடமும் நீட் தரவரிசைப்படி, முதல் பதிலில் சொன்ன இரண்டு கலந்தாய்வுகள் வழியாகத்தான் நிரம்புகின்றன. தனியாள் யாராலும் இடம் உறுதி செய்ய முடியாது. பல நேரம் உங்கள் பிள்ளைக்குத் தானாகவே கிடைக்கப்போகும் இடத்தைத்தான் அவர் விற்கிறார். கிடைத்தால் அவர் வாங்கித் தந்ததாகும், கிடைக்காவிட்டால் போன் எடுக்க மாட்டார்.

அரசு பி.டி.எஸ். கிடைக்குது. சேரவா, இன்னொரு தடவை நீட் எழுதவா?

பல் மருத்துவம் பிடித்திருந்தால் சேருங்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்கான காத்திருப்பு அறையாக அதை நினைத்தால் வேண்டாம். பி.டி.எஸ். முடித்தாலும் எம்.பி.பி.எஸ்.ஸில் நடுவில் நுழைய வழியில்லை. சேர்ந்துவிட்டுப் பாதியில் விட்டால் சான்றிதழ்களைத் திரும்பப் பெற நிறுத்தக் கட்டணமும் கேட்கலாம்.

நீட்டுக்கு உச்ச வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டது, எத்தனை முறை என்ற கட்டுப்பாடும் இல்லை. தரவரிசையில் சில நூறு எண்களில் தவறவிட்டவருக்கு இன்னோர் ஆண்டு அர்த்தமுள்ளது. இரண்டாம் முறையும் மதிப்பெண் ஏறாமல் நின்றவருக்கு மூன்றாம் முறையை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இடைக்காலமாகப் பொறியியலில் சேர்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அசல் டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் அந்தக் கல்லூரியில் மாட்டிக்கொள்ளும். கலந்தாய்வில் காட்ட அங்கிருந்து சான்று கடிதம் வாங்கி வைக்க வேண்டும்.

இங்க ஒரு கோடி. வெளிநாட்டுல 30 லட்சம்தானே?

2021-இல் வந்த வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரி விதிகளை வரிவரியாகப் பாருங்கள். நீட் தகுதி வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலத்தில், ஒரே நிறுவனத்தில். பிறகு 12 மாதப் பயிற்சியும் அதே நிறுவனத்தில். அந்நாட்டுக் குடிமகனைப் போலவே அங்கு மருத்துவம் பார்க்கும் தகுதி அந்தப் பட்டத்தில் கிடைக்க வேண்டும். திரும்பி வந்து தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுத்து, இங்கேயும் 12 மாதப் பயிற்சி செய்ய வேண்டும். அண்மை ஆண்டுகளில் அந்தத் தேர்வில் தேறுபவர்களைவிடத் தவறுபவர்கள்தான் அதிகம்.

இந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் பட்டம் இங்கே செல்லாது. முகவர் காட்டும் கையேட்டில் ‘54 மாதம்’ என்ற எண் இல்லையென்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். நோயாளியிடம் எந்த மொழியில் பேச வேண்டியிருக்கும் என்றும் கேளுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் நோயாளி அவர் மொழியில்தான் வலியைச் சொல்வார்.

ஆல் இந்தியா கோட்டால வேற ஸ்டேட்ல நல்ல காலேஜ், இங்க சுமாரான காலேஜ். எது?

முதலில் கட்டாயப் பணி ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மகாராஷ்டிராவில் அரசுக் கல்லூரியில் படித்தால் ஓராண்டு பணி, மறுத்தால் 10 லட்சம். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும்.

இரண்டாவது விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. முதுநிலை மருத்துவ இடங்களில் ‘இந்த மாநிலத்தில் வசிப்பவர்’ என்பதற்காக ஒதுக்கீடு தரக்கூடாது என்று 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கேயே எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு நியாயமான அளவில் முன்னுரிமை தருவதை மட்டும் அது அனுமதித்தது. அதாவது, எம்.டி. இங்கே படிக்க நினைக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு, எம்.பி.பி.எஸ். எங்கே படித்தார் என்பது முன்பைவிட முக்கியமாகிறது. தமிழ்நாட்டில் மாநில முதுநிலை இடங்களில் பாதி அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எய்ம்ஸ் டெல்லி, ஜிப்மர் போன்றவை என்றால் தயங்க வேண்டாம். மற்றபடி நடுத்தர வித்தியாசத்துக்காக மொழி தெரியாத ஊருக்குப் போவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதே 15 சதவீதத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளையும் போடலாம் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். மதுரை எய்ம்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: தோப்பூரில் அதற்கான வளாகம் அமையும் முன்பே, முதல் அணியின் 50 பேருக்கு வகுப்பு 2022-இல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் தொடங்கியது. இப்போது வகுப்பு எங்கே, வார்டு எங்கே என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தமிழ் மீடியம். இங்கிலீஷ்ல சமாளிப்பாளா?

முதல் ஆறு மாதம் கஷ்டம். உடற்கூறியல் சொற்கள் லத்தீன், கிரேக்கம். அவை கான்வென்ட் பிள்ளைக்கும் புதிதுதான். தடுமாற்றம் வருவது வாய்மொழித் தேர்வில், தெரிந்ததை வாக்கியமாகச் சொல்வதில். தினம் ஒரு எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு அறைத் தோழியிடம் சத்தமாக ஆங்கிலத்தில் விவரித்தால் இரண்டாம் மாதமே மாற்றம் தெரியும். முதலாண்டுத் தேர்வில் நான்கு முயற்சிக்குள் தேற வேண்டும் என்பது விதி. வருகை வகுப்பில் 75, செய்முறையில் 80 சதவீதம். வார்டுக்குப் போனபின் நிலைமை தலைகீழ். ‘நெஞ்சு கரிக்குது’, ‘மேலுக்கு முடியல’ என்பதை உடனே புரிந்துகொள்பவர் அவர்தான்.

பொண்ணை தூரத்துல விடணும். ஹாஸ்டல்ல எதைக் கேக்கணும்?

அறையையும் சாப்பாட்டையும் எல்லோரும் பார்க்கிறார்கள். இரவு 2 மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து விடுதிக்கு வரும் வழியை யாரும் பார்ப்பதில்லை. அந்த வழியை இருட்டியபின் நடந்து பாருங்கள். விளக்கு, காவலர், வளாகத்துக்குள்ளேயே வழியா, பொதுச்சாலையைக் கடக்கணுமா? வார்டுக்குள் பெண் ஹவுஸ் சர்ஜன்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓய்வறையும் கழிவறையும் இருக்கிறதா?

இப்ப சேர்ந்துட்டு, அப்புறம் வேற காலேஜ் மாத்திக்கலாமா?

அந்த நம்பிக்கையில் சேராதீர்கள். 2023 விதிகள் கல்லூரி மாற்றத்தை மூடின, இப்போதைய நிலையை விதியில் பாருங்கள். மாறுவதற்கான காலம் கலந்தாய்வுச் சுற்றுகள் நடக்கும் வரைதான். அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

முதல் ரவுண்டுல சீட் வந்திருச்சு. சேரவா, நல்லதுக்குக் காத்திருக்கவா?

பெரும்பாலோருக்குச் சரியான வழி: சேருங்கள், சேரும்போது ‘மேம்படுத்த விருப்பம்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். அடுத்த சுற்றில் மேலான இடம் வராவிட்டால் இருப்பது அப்படியே இருக்கும். வந்துவிட்டால் பழைய இடம் தானாகவே ரத்தாகி வேறொருவருக்குப் போய்விடும். புதியது பிடிக்கவில்லை, பழையதே போதும் என்று திரும்ப முடியாது. ஆகவே இரண்டாம் சுற்றுப் பட்டியலில், இப்போது இருக்கும் கல்லூரியைவிட நிச்சயமாக விரும்பும் கல்லூரிகளை மட்டும் போடுங்கள். பழைய பட்டியலை அப்படியே நகலெடுத்துப் போட்டு, கையிலிருந்ததைவிட மோசமான இடத்துக்கு ‘மேம்பட்டவர்கள்’ இருக்கிறார்கள்.

எம்.சி.சி.யில் முதல் சுற்று இடத்தைச் சேராமல் விட்டால் இழப்பில்லை. இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் வைப்புத்தொகை போகும்: அகில இந்திய இடங்களுக்குப் பொதுப் பிரிவினருக்கு 10,000, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5,000, நிகர்நிலைக்கு 2 லட்சம். மூன்றாம் சுற்றில் சேர்ந்தபின் வெளியே வர முடியாது, மாநிலக் கலந்தாய்வுக்கும் போக முடியாது. கடைசிக் காலியிடச் சுற்றில் இடம் வாங்கிச் சேராதவர்களுக்கு அடுத்த நீட்டே கைவிட்டுப் போகும்.

சேரும் நாளில் கையில் இருக்க வேண்டியவை: ஒதுக்கீட்டு ஆணை, நீட் நுழைவுச்சீட்டும் மதிப்பெண் அட்டையும், 10, 12 மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்று, அடையாள அட்டை, கல்லூரி கேட்கும் பெயரில் எடுத்த டி.டி., ஒரே படத்தின் பத்துப் பிரதிகள். அசலைக் கொடுத்துவிட்டால் உடனே திரும்பாது. எல்லாவற்றையும் முன்பே ஸ்கேன் செய்து, மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, கடைசி நாளுக்கு முந்தைய நாள் காலையிலேயே கல்லூரி அலுவலகத்தில் இருங்கள். டி.டி.யில் பெயர்ப் பிழை என்றால் வங்கி திறந்திருக்கும்போதே திருத்த நேரம் கிடைக்கும்.